உயிர்த்தெழுதலுக்கு வரலாற்றுச் சான்று: எதை முதலில் வைப்பது?

வேப்பேரிவாசி:
ஈஸ்டருக்கு அடுத்த வாரம் எங்கள் சபை வாலிபர் கூடுகையில் ஒரு மணி நேரம் இந்தத் தலைப்பில் பேச வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் நம்பாத நண்பர்களையும் கூட்டி வருவார்கள். "பைபிளை வைத்தே பைபிளை நிரூபிக்காதீங்க" என்று எடுத்தவுடன் கேட்பார்கள். அதனால் யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ், ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், இயேசுவின் உடலைச் சுற்றியது என்று சொல்லப்படும் டூரின் துணி, நம்ம சாந்தோமில் இருக்கிற தோமாவின் கல்லறை என்று ஆரம்பிக்கலாமா?

சுவடி:
வரிசை தலைகீழாக இருக்கிறது சார். டாசிட்டஸ் எழுதியது கி.பி. 116 வாக்கில். ரோமப் பேரரசன் திபேரியு காலத்தில் ஆளுநர் பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்தான் என்பதோடு அவர் சாட்சி முடிகிறது. ஜோசீபஸ் இன்னும் வம்பு. அவருடைய யூத வரலாற்று நூலின் 18ஆம் புத்தகத்தில் "மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார்" என்று வருவது பிற்காலக் கிறிஸ்தவர்கள் கைவைத்த இடம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. ஸ்லைடில் போட்டால் போனில் தேடிப் பார்க்கிற பையன் அங்கேயே மடக்குவான். 20ஆம் புத்தகத்தில் "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்" யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட்டது வருகிறது (62ஆம் ஆண்டு). அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டூரின் துணி வேண்டாம். 1988-ல் ஆக்ஸ்போர்டு, சூரிச், அரிசோனா ஆய்வகங்களின் கார்பன் சோதனை 1260-1390 என்றது. அதை மறுப்பவர்கள் உண்டு, ஆனால் அந்தச் சண்டையிலேயே உங்கள் ஒரு மணி நேரமும் போய்விடும்.

ஆரம்பிக்க வேண்டியது 1 கொரிந்தியர் 15:3-8. உயிர்த்த இயேசு பேதுருவுக்கும், 500 பேருக்கும், யாக்கோபுக்கும், கடைசியில் தனக்கும் தோன்றினார் என்று பவுல் தரும் பட்டியல் அது. கடிதம் 53-55 வாக்கில் எபேசுவிலிருந்து எழுதியது. சிலுவை மரணம் 30 அல்லது 33. அதிலும் பவுல் "நான் அடைந்ததும் உங்களுக்கு ஒப்புவித்ததும்" என்ற பொருளில்தான் தொடங்குகிறார். அவருக்கு முன்பே சபைகளில் மனப்பாடமாகச் சொல்லிவந்த வரிகள் அவை. கூடவே கலாத்தியர் 1:18-19 வாசியுங்கள். எருசலேமில் பேதுருவோடு 15 நாள் தங்கினார், யாக்கோபையும் பார்த்தார். ஆக, அந்தப் பட்டியலில் தன்னைத் தவிரப் பெயர் சொன்ன இரண்டு பேரையும் நேரில் அறிந்த ஆள் எழுதிய கடிதம் இது. இரண்டும் பவுல் எழுதியவைதான் என்பதில் நாத்திக ஆய்வாளர்களுக்கும் தகராறு இல்லை. "பைபிளை வைத்தே" என்று கேட்பவருக்கு இதைச் சொல்லுங்கள்: வரலாற்றுக்காரன் கண்ணுக்கு இது முதல் நூற்றாண்டுக் கடிதம், பைபிளாகத் தொகுத்தது பிற்பாடு.

ஐயப்பாடு:
நான் நம்பாத கட்சி. மேலே சொன்ன வரிசை நியாயமானது. ஆனால் அந்தப் பட்டியல் "கண்டோம்" என்று அவர்கள் மனதார நம்பியதைத்தான் காட்டும், என்ன நடந்தது என்பதைக் காட்டாது. 500 பேருக்குப் பெயரில்லை, ஊரில்லை. காலிக் கல்லறையும் பவுலிடம் இல்லை. "அடக்கம்பண்ணப்பட்டு" என்பதோடு சரி. அது முதலில் வருவது சுமார் 70ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட மாற்கில். அந்த மாற்கும் பழைய கிரேக்க பைபிள் கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகளில் (4ஆம் நூற்றாண்டு) 16:8-ல், பெண்கள் பயந்து ஓடுவதோடு நின்றுவிடுகிறது. 16:9-20ஐ சாட்சியாக வாசித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

சுவடி:
சரிதான். ஆனால் கதை கட்டுபவன் பெண்களை முதல் சாட்சியாக வைப்பானா? பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்று ஜோசீபஸே எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய செல்சஸ் இதைச் சொல்லித்தான் கேலி செய்தார். பிணத்துக்குத் தைலமிடுவது பெண்கள் வேலை, அதனால் கதையில் வந்தார்கள் என்ற மறுப்பும் இருக்கிறது, இரண்டையும் சொல்லிவிடுங்கள். சிலுவையில் அறைந்தவர்களைப் புதைக்கவே விடமாட்டார்கள் என்று யாராவது கிளம்பினால், 1968-ல் எருசலேமில் எலும்புப் பெட்டியில் கிடைத்த, சிலுவையில் அறையப்பட்ட யெஹோகானான் என்பவரின் குதிகால் எலும்பு இருக்கிறது, ஆணி அதில் இன்னும் குத்தியபடியே.

மாடவீதி:
சாந்தோம் பற்றி. "தோமாவின் நடபடிகள்" 3ஆம் நூற்றாண்டு நூல். அதில் வரும் கொண்டோபாரஸ் அரசன் நிஜம், நாணயங்கள் கிடைத்திருக்கின்றன, ஆனால் அவன் ஆண்டது வடமேற்கே. மயிலாப்பூர் என்ற பெயரே நூலில் இல்லை. 1547-ல் பரங்கிமலையில் கிடைத்த சிலுவையில் உள்ள பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்தும் முதல் நூற்றாண்டுக்குப் போகாது. தோமா இங்கே வந்தார் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் எருசலேமில் எதைக் கண்டார் என்பதற்கு யோவான் 20ஆம் அதிகாரத்துக்குத்தான் திரும்ப வேண்டும். "சீடர்கள் நம்பியதற்காக உயிரைக் கொடுத்தார்களே" என்ற வாதத்துக்கு யாக்கோபு போதும்: யோவான் 7:5-ன்படி இயேசுவின் சகோதரர்கள் அவரை நம்பவில்லை, பிறகு அதே யாக்கோபு எருசலேம் சபையின் தூண்.

வேப்பேரிவாசி:
நன்றி. அப்போது ஜோசீபஸை யாக்கோபோடு சேர்த்துக் கடைசியில் வைக்கிறேன். கொரிந்தியர், கலாத்தியர் பகுதிகளை ஒரே தாளில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதுமா?

சுவடி:
போதும். ஓரத்தில் ஆண்டுகளையும் எழுதிவிடுங்கள். வாசிக்க இருபது நிமிடம் ஒதுக்கினால் மீதி நேரம் கேள்விகளுக்கே சரியாக இருக்கும்.