எஸ்போசிதோ: நேப்பிள்ஸில் இத்தனை பேருக்கு இந்தக் குடும்பப்பெயர் எப்படி?

குளச்சல்கரை:
நேப்பிள்ஸ்காரங்க பெயர்ப்பட்டியல் எதை எடுத்தாலும் எஸ்போசிதோ வந்துகிட்டே இருக்கு. நம்ம கடற்கரையில பெர்னாண்டோ மாதிரி ஞானஸ்நானத்துல கிடைச்ச பெயரா? எல்லாரும் ஒரே குடும்பமா? ஒரு வீட்டாரைப் பின்னோக்கித் தேடணும்னா எங்கே தொடங்கணும்?

நாஞ்சில்ஏடு:
பெர்னாண்டோ கதை வேற. அது 1530களில் முத்துக்குளித்துறையில ஞானஸ்நானம் நடந்தப்போ போர்த்துக்கீசியர் வழி வந்த பெயர். எஸ்போசிதோ லத்தீன் 'எக்ஸ்போசிதுஸ்'லேர்ந்து வந்தது, 'வெளியே வைக்கப்பட்ட'ன்னு பொருள். பெற்றவங்க விட்டுப்போன பிள்ளைக்கு வைத்த பெயர்.

விடப்பட்ட பிள்ளைகளை வளர்த்த நேப்பிள்ஸ் அனுன்சியாத்தா இல்லத்துச் சுவர்ல ஒரு மர உருளை இருந்தது. தெருப்பக்கத் திறப்புல பிள்ளையை வைச்சுச் சுத்தினா உள்ளே போயிடும், வைச்சவங்க முகம் உள்ளே இருக்கிறவங்களுக்குத் தெரியாது. 1992ல் சேலத்துல தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டத்தோட எண்ணமும் இதுதான். கழுத்துல ஈய வில்லை கட்டி, ஏட்டுல பதிவாங்க. உருளையை 1875ல் நிறுத்தினாங்க.

அதனால ஒரே வம்சம்னு எடுக்கவே கூடாது. ஊருக்கு ஊர் பெயரும் மாறும்: மிலானில் கொலம்போ, ஃபிளாரன்ஸில் இன்னொச்செந்தி, ரோமில் புரோயெத்தி. ஆனா கொலம்போன்னா புறா; வேற வழியிலயும் அந்தப் பெயர் வந்திருக்கு. எல்லாக் கொலம்போவையும் இதுல சேர்த்துடாதீங்க.

முட்டம்காற்று:
பரவல் பத்தி: இத்தாலி முழுக்க எடுத்தா ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி, அடுத்தது எஸ்போசிதோ. ரோஸ்ஸி வடக்கு, ருஸ்ஸோ தெற்கு, ரெண்டும் 'செம்பட்டை'. ஃபெர்ராரி நம்ம கொல்லர். எஸ்போசிதோ குவிஞ்சிருக்கிறது நேப்பிள்ஸ் இருக்கிற கம்பானியாவுல. தூரின், மிலான்ல பார்த்தா பெரும்பாலும் தெற்கேயிருந்து வேலைக்குப் போனவங்க. உச்சரிப்புல அழுத்தம் 'போ'வுல.

ஆவணத்தேடல்:
முதல்ல பிறந்த ஊராட்சி, அதாவது கொமூனே, எதுன்னு பிடிங்க. 'நேப்பிள்ஸ்'னு மட்டும் வைச்சுத் தேடினா மூழ்கிடுவீங்க. சிசிலி தவிர்த்த தெற்கு இத்தாலியில அரசுப் பிறப்புப் பதிவு 1809ல் தொடங்குது. அதுக்கு முந்தினது பங்கு ஆலய ஏடு. அரசு ஆவணக்காப்பகங்களோட அன்தெனாதி தளத்துல பல ஏடுகளைக் காசில்லாம பார்க்கலாம்.

பிறப்பை விடத் திருமணக் கோப்புதான் புதையல். 1865 வரைக்குமான கோப்புல மணமக்கள் ரெண்டு பேரோட பிறப்புச் சான்று நகலும், பெற்றோர் இறந்திருந்தா அந்தச் சான்றும் இருக்கும். ஒரே கட்டுல ரெண்டு தலைமுறை.

தப்பு நடக்கிற இடம் ரெண்டு. இத்தாலியப் பெண் ஆவணத்துல பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரோடதான் இருப்பாங்க. கணவர் பெயர்ல தேடினா கிடைக்காது. இன்னொண்ணு, ஸ்போசிதோ, தெஸ்போசிதோன்னும் எழுதியிருப்பாங்க. அதையும் பாருங்க.

நேப்பிள்ஸை ஆண்ட முரா மன்னர் ஆட்சியில (1808–1815) விடப்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் வைக்கிறதைத் தடை பண்ணினாங்க. அதனால 1830ல் பிறந்த எஸ்போசிதோவுக்கு அப்பாவும் பெரும்பாலும் எஸ்போசிதோவாத்தான் இருப்பார். உருளைக்கு வந்த பிள்ளை அதுக்கும் ஒண்ணு ரெண்டு தலைமுறை முன்னாடி.

குளச்சல்கரை:
நன்றி அண்ணே. ஒரு பதிவுல 'மரியா எஸ்போசிதோ ஃபூ ஜென்னாரோ'ன்னு இருக்கு. ஃபூ நடுப்பெயரா?

ஆவணத்தேடல்:
இல்ல. ஜென்னாரோ அப்பா பெயர். 'தி ஜென்னாரோ'ன்னா அப்பா உயிரோட இருக்கார், 'ஃபூ'ன்னா காலமாயிட்டார். பதிவுத் தேதிக்கு முந்தின வருஷங்கள்ல அவரோட இறப்புப் பதிவைத் தேடுங்க.