அலமாரி இடப்பக்கம் சாய்கிறது

அக்கா: [படம்]

அக்கா: புத்தக அலமாரியைப் பாருங்கள். மேல்பகுதி இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. ஜன்னல் சட்டத்தோடு ஒப்பிட்டால் நன்றாகத் தெரியும். நடுத்தட்டு வேறு தொய்ந்துவிட்டது.

சித்தப்பா: இடது காலுக்கு அடியில் அட்டையை மடித்து வை. வேலை முடிந்தது.

சித்தி: இவருக்கு எல்லாவற்றுக்கும் அட்டைதான் மருந்து. எங்கள் வீட்டு மேசை, கட்டில், துணி அலமாரி எல்லாம் அட்டைமேல்தான் நிற்கின்றன.

பெரியப்பா: அட்டை வைக்காதே அம்மா. முதலில் ஒன்று சொல். தட்டுகளும் சேர்ந்து சரிந்திருக்கின்றனவா, பக்கப்பலகைகள் மட்டும் சாய்ந்திருக்கின்றனவா?

அக்கா: இரண்டும் ஒன்றுதானே பெரியப்பா?

பெரியப்பா: ஒன்றல்ல. தரை சரிவாக இருந்தால் அலமாரி முழுவதுமாகச் சாயும். தட்டுகளும் சரியும், ஆனால் மூலைகள் கோணாது. அதற்கு அட்டையோ ஆப்போ போதும். தட்டுகள் மட்டமாக இருக்க, பக்கப்பலகை மட்டும் சாய்ந்தால் சட்டமே கோணிக்கொண்டது. அப்போது காலடியில் எதை வைத்தாலும் வீண்.

அத்தான்: ரசமட்டம் இருக்கிறது பெரிய மாமா. வைத்துப் பார்க்கிறேன்.

அத்தான்: தரையில் குமிழி நடுவில் நிற்கிறது. கீழ்த்தட்டிலும் அப்படியே. பக்கப்பலகையில் நெடுக்காக வைத்தால் ஓரத்துக்கு ஓடிவிடுகிறது.

பெரியப்பா: தரை தப்பித்தது. இனி டேப்பை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்து சொல்லுங்கள் மாப்பிள்ளை. மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலை வரை ஒன்று, மற்ற இரு மூலைகளுக்கு ஒன்று.

அத்தான்: முதலாவது 203 சென்டிமீட்டர். இரண்டாவது 199.5.

நான்: அலமாரியின் உயரமும் அகலமும் என்ன அத்தான்?

அத்தான்: உயரம் 180, அகலம் 90.

நான்: அப்படியானால் இரண்டும் 201 சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். என் கணக்குப்படி மேல்பகுதி சுமார் 4 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

அத்தான்: மேல் மூலையிலிருந்து நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்கு தப்பவில்லை!

சித்தப்பா: 4 சென்டிமீட்டருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? சுவரில் எல் வடிவக் கிளாம்ப் இரண்டை அடித்து இழுத்துக் கட்டுங்கள்.

பெரியப்பா: தம்பி, கோணலாக நிற்பதைச் சுவரில் கட்டினால் கோணலாகவே கட்டப்பட்டு நிற்கும். கிளாம்ப் வேண்டும்தான். அது அலமாரி முன்னால் கவிழாமல் இருப்பதற்கு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பெரியப்பா: அம்மா, அலமாரியின் பின்பக்கம் எப்படி இருக்கிறது? மெல்லிய பலகை ஒன்று அடித்திருப்பார்களே.

அக்கா: [படம்]

அக்கா: பழுப்பு நிற ஹார்ட்போர்டு. பாதிக்குக் கீழே ஆணியை விட்டு வெளியே வந்து வளைந்து நிற்கிறது. வீடு மாறியபோது வண்டியில் ஏற்றியவர்கள் ஒரு பக்கமாகப் பிடித்துத் தள்ளினார்கள், அப்போது நடந்திருக்கும்.

பெரியப்பா: நோய் அங்கேதான் இருக்கிறது. தூசி வராமல் மறைப்பதற்காக அந்தப் பலகையை அடிப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அலமாரியை நேராக நிறுத்துவதே அதுதான்.

அக்கா: 3 மில்லிமீட்டர் பலகையா இவ்வளவு பெரிய அலமாரியை நிறுத்துகிறது?

பெரியப்பா: உன் மகனிடம் அட்டையில் நான்கு பட்டைகள் வெட்டச் சொல். நான்கு மூலைகளிலும் குண்டூசி குத்திச் சதுரமாக்கி, பக்கவாட்டில் தள்ளட்டும். பிறகு மூலைக்கு மூலை ஐந்தாவது பட்டையைக் குத்தித் தள்ளிப் பார்க்கட்டும்.

சித்தப்பா: கடைசியில் அட்டைதான் வேண்டியிருக்கிறது 😄

அக்கா: செய்துவிட்டான். சதுரம் உடனே சாய்கிறது. ஐந்தாவது பட்டையைக் குத்தியதும் அசையவே மறுக்கிறது.

நான்: நான்கு பக்கச் சட்டம் பக்கங்களின் நீளம் மாறாமலே சாயும். முக்கோணத்தில் அப்படி நடக்க ஒரு பக்கமாவது நீள வேண்டும் அல்லது குறுக வேண்டும். குறுக்குப்பட்டை சதுரத்தை இரண்டு முக்கோணங்களாக்குகிறது. பின்பலகையை எண்ணற்ற குறுக்குப்பட்டைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஓரம் முழுவதும் இறுக்கிப் பிடித்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

அத்தான்: அப்படியே நிறுத்தி வைத்து ஆணியைத் திரும்ப அடித்துவிடட்டுமா?

பெரியப்பா: வேண்டாம் மாப்பிள்ளை. நிற்கிற கோணத்திலேயே அடித்தால் கோணலைப் பூட்டிவிடுவீர்கள். புத்தகங்களை முழுவதும் இறக்குங்கள். ஒரு மீட்டர் வரிசையே 30 கிலோ அளவுக்கு வரும். இருவராகப் பிடித்து முகம் தரையில் படுமாறு படுக்க வையுங்கள், அடியில் போர்வை விரித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: பிறகு நீளமான மூலைவிட்டத்தின் இரு மூலைகளையும் சுற்றிக் கயிறு கட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்க அந்த மூலைகள் நெருங்கும். இரண்டு அளவும் ஒன்றாகும்போது நிறுத்துங்கள். ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் பரவாயில்லை.

சித்தி: தையலில் துணி இழுத்துக்கொண்டால் நாங்களும் மூலைக்கு மூலை இழுத்துத்தான் நேராக்குவோம்.

பெரியப்பா: பழைய ஹார்ட்போர்டைத் திரும்ப அடிக்காதீர்கள், ஓரமெல்லாம் பிய்ந்திருக்கிறது. 6 மில்லிமீட்டர் பிளைவுட் வெட்டி வாங்கி ஸ்குரூ போடுங்கள். 15 சென்டிமீட்டருக்கு ஒன்று போதும். முதலில் மேல் ஓரம் முழுவதும். பிறகு மறுபடி குறுக்களவு. சரியாக இருந்தால் மற்ற மூன்று ஓரங்கள், கடைசியில் ஒவ்வொரு தட்டின் பின்விளிம்பிலும் இரண்டு மூன்று.

அக்கா: தட்டின் பின்விளிம்பிலும் எதற்கு?

பெரியப்பா: தொய்வைப் பற்றிக் கேட்டாயே! பின்விளிம்பைப் பலகை பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

சித்தப்பா: நடுத்தட்டைக் கழற்றித் தலைகீழாகப் போடுங்கள். தொய்ந்தது மேல்நோக்கி வளைந்து நிற்கும், பாரம் ஏறினால் நேராகிவிடும். இதையாவது ஒப்புக்கொள்ளுங்கள் அண்ணா.

பெரியப்பா: ஒப்புக்கொள்கிறேன். செய்யலாம். ஆனால் மரத்தூள் அழுத்திச் செய்த பலகை தொடர்ந்து பாரம் தாங்கினால் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். அதோடு நின்றால் மறுபக்கமும் தொய்யும்.

நான்: தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். தாங்கும் இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஆகவே நடுவில் ஒரு முட்டு கொடுப்பதுதான் நல்ல வழி.

அக்கா: நடுத்தட்டுக்குக் கீழே மட்டும் ஒரு கட்டை நிறுத்தினால் போதுமா?

நான்: போதாது அக்கா. அந்தப் பாரத்தைக் கீழ்த்தட்டின் நடுவில் இறக்கிவைத்தது போலாகும், அடுத்து அது தொய்யும். ஒரே நேர்கோட்டில் தரை வரை கட்டைகள் இறங்க வேண்டும்.

அக்கா: நடுவில் கட்டை வந்தால் பெரிய படப்புத்தகங்களை எங்கே வைப்பது? எனக்கு அது வேண்டாம்.

பெரியப்பா: வேண்டாம் என்றால் முன்விளிம்பின் அடியில் 4 சென்டிமீட்டர் உயரமுள்ள மரச்சட்டம் ஒன்றை மரப்பசை தடவித் திருகிவிடு. சட்டம் படுக்கையாக இருக்கக் கூடாது, விளிம்பில் நிற்க வேண்டும். பின்னால் பிளைவுட், முன்னால் சட்டம். உன் படப்புத்தகங்களை அது தாங்கும்.

அத்தான்: புத்தகங்களை இறக்கிவிட்டோம். புதிய சிக்கல். தட்டையும் பக்கப்பலகையையும் இணைக்கும் அந்த வட்டத் திருகு, அரைச்சுற்றில் இறுகுமே, அது ஒன்று சும்மா சுற்றுகிறது. இன்னோரிடத்தில் ஸ்குரூ துளையே பெரிதாகிவிட்டது.

பெரியப்பா: வட்டத் திருகைப் பின்னோக்கி முழுவதும் திருப்பி, தட்டைப் பக்கப்பலகையோடு நன்றாக அழுத்திப் பிடித்து மறுபடி திருகுங்கள். பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பெரிதான துளைக்கு மருந்து நீக்கிய தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து நெருக்கமாகச் செருகி, ஓர் இரவு காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு அதே இடத்தில் ஸ்குரூ போடுங்கள். அதைவிடப் பருமனான ஸ்குரூவை முறுக்கி ஏற்றாதீர்கள், பலகை வெடித்துவிடும்.

அத்தான்: கீழ்ப்பலகையின் ஓரம் உப்பியிருக்கிறது. அதற்கு?

பெரியப்பா: தரை துடைக்கிற ஈரத்தை இழுத்திருக்கிறது. உப்பியது திரும்ப அமுங்காது. உதிராமல் இருந்தால் வெட்டு ஓரத்துக்கு வார்னிஷ் பூசி, அடியில் பிளாஸ்டிக் குமிழ்கள் வைத்துத் தரையைத் தொடாமல் தூக்கிவிடுங்கள். உதிர்ந்தால் அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

சித்தி: இந்தத் தச்சு வேலையெல்லாம் இருக்கட்டும். பையன் அதன்மேல் ஏறி விளையாடுகிறான் என்று போனமுறை சொன்னாயே கண்ணா? அதைச் சுவரில் கட்டாமல் ஒரு புத்தகத்தைக்கூட ஏற்றாதே.

அக்கா: கட்டாயம் சித்தி.

*

அத்தான்: [படம்]

அத்தான்: பசை காய்ந்தது. கயிறு முறுக்கியதில் மூலைகள் பயந்ததைவிட எளிதாக நெருங்கின. இரண்டு அளவும் 201.2. பிளைவுட் ஏறிவிட்டது. பக்கவாட்டில் தோளால் தள்ளிப் பார்த்தேன், முனகக்கூட இல்லை.

சித்தப்பா: நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை. என்னிடமுள்ள ராக்கும் இப்படித்தான் ஆடுகிறது, ஆனால் அது இரும்பு.

பெரியப்பா: அதற்கும் இதே நியாயம்தான் தம்பி. பின்பக்கம் எக்ஸ் வடிவில் இரண்டு பட்டைகளைப் போட்டு நட்டு இறுக்கு. மூலைகளில் முக்கோணத் தகடு இருந்தால் அதையும் போடு.

அத்தான்: பெரிய மாமா, சுவரில் துளையிடும் இடத்தைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறது.

பெரியப்பா: அங்கே பூச்சு விட்டிருக்கும், ஸ்குரூவுக்காகத் துளையில் செருகும் பிளக் பிடிக்காது. பக்கத்தில் தட்டிக்கொண்டே போய் கெட்டியான சத்தம் வரும் இடத்தில் துளையிடுங்கள். மேலே ஸ்விட்ச் இருந்தால் அதற்கு நேர்கீழே வேண்டாம், உள்ளே கம்பி ஓடும். 8 மில்லிமீட்டர் பிளக்குக்கு 8 மில்லிமீட்டர் டிரில், அதைவிடப் பெரிது போடாதீர்கள். பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும்.

அக்கா: கனமான புத்தகங்கள் கீழ்த்தட்டிலா, மேலேயா?

பெரியப்பா: அகராதிகளெல்லாம் கீழே. கிளாம்ப் இறுகிய பிறகு.