கலைச்சொல்: ‘இசைவரைவு’ – ஒரு முன்மொழிவு

குழுமத்து அன்பர்களுக்கு வணக்கம்.

சுரங்களுக்குப் பதிலாகக் கோடுகளாலும் வடிவங்களாலும் எழுதப்படும் இசைத்திட்டத்துக்கு ‘வரைகலை இசைக்குறிப்பு’ என்ற சொல்லைச் சென்ற கிழமை நண்பர் ஒருவர் முன்வைத்திருந்தார். அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. குறிப்பு என்றதும் சுரக்குறிப்பே நினைவுக்கு வரும்; அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு சுரம். இங்கே கோடு எந்தச் சுரத்துக்கும் கட்டுப்பட்டதன்று. ஆகவே ‘இசைவரைவு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

இப்படியொரு சொல்லின் தேவையைக் கிளிநொச்சியில் நேரிலேயே கண்டேன். வடிவமைப்புப் படிக்கும் மாணவி ஒருவரும் கணினியில் இசையமைக்கும் இளைஞர் ஒருவரும் இரணைமடுக் குளத்துத் துருசடியில் (மதகடியில்) நீர் பாயும் ஓசையைப் பதிவுசெய்து, அதை மின்னணு இசையாக்கும் முன்னர் நீண்ட தாளொன்றில் இருவருமாகக் கோடுகள் வரைந்தார்கள். மாணவி அதைப் ‘பிளான்’ என்றார். இளைஞர் ‘நோட்ஸ்’ என்றார். கோடு தடித்தால் ஒலி உரக்குமா, கனக்குமா என்று தொடங்கிய பேச்சு அரை நாள் நீண்டது. அந்தப் பேச்சில்தான் அவர்களுடைய ஆக்கம் பிறந்தது. ஆனால் அது நிகழ்ந்த தாளுக்கு இருவருக்கும் பொதுவான பெயர் இல்லை.

கோடுகளால் இசையைத் திட்டமிடுவது புதிதன்று. லெ கொர்பூசியேயின் கட்டடக்கலைக் கூடத்தில் பணியாற்றிய இசையமைப்பாளர் யானிஸ் செனாக்கிஸ், ‘மெட்டாஸ்டாசிஸ்’ (1953–54) என்ற இசைக்குழு ஆக்கத்தில், நாம் ஜாரு என்போமே, அதுபோல நரம்புக்கருவிகளின் சுருதி வழுக்கிச் செல்லும் பாதைகளை நேர்கோடுகளாக வரைந்தார்; கோடுகள் நெருங்கியபோது வளைபரப்புத் தோன்றியது. அதே எண்ணமே 1958இல் பிரசெல்ஸ் கண்காட்சியில் பிலிப்ஸ் மண்டபத்தின் சுவர்களாயிற்று; அதனுள்ளே எட்கார் வரேசின் மின்னணு இசை ஒலித்தது.

நம் பாடசாலைக் கணிதத்தில் வரைபு என்பது முன்பே உள்ள தரவின் படம். ஆகவே ‘ஒலிவரைபு’ என்றால், ஒலித்து முடிந்ததன் படமாகிவிடும். வரைவு அப்படியன்று, சட்டவரைவைப் போல, இனி உருவாகப்போவதன் திருத்தத்தக்க முன்வடிவம். அகத்திணையில் வரைவு மணத்தையும் குறிக்கும் என்பதால், இரு துறைகள் கூடும் தாளுக்கு அது இன்னும் பொருந்துகிறது. ‘இசை’யை வினைத்தொகையாகக் கொண்டால், இருவர் எண்ணமும் இசையும் வரைவு என்றும் பொருள் விரியும். ‘இசைவரைவை இன்னும் முடிக்கவில்லை’ என்று அந்த மாணவி இயல்பாகச் சொல்லக்கூடும்.

வரைபு, வரைவு இரண்டும் பேச்சில் ஒன்றாக ஒலிக்கும் என்பதே என் கவலை. இன்னொரு கேள்வியும் உண்டு. செனாக்கிஸ் 1977இல் உருவாக்கிய யூபிக் (UPIC) கருவியில், பலகையில் வரைந்த கோட்டைக் கணினி நேரடியாகவே ஒலியாக்கும். அங்கே வரைவுக்கும் ஒலிக்கும் இடையில் வாசிப்பவர் இல்லை. அதற்கும் இச்சொல் போதுமா, வேறு சொல் வேண்டுமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.