புதுப்பிப்பு: ஸ்காஃப்டாஃபெல் சென்று வந்தோம்

ஐஸ்லாந்தின் ஸ்காஃப்டாஃபெல் பகுதியில் மூட்டுவலி உள்ள என் தாயாரால் நடக்க முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சென்று வந்துவிட்டோம், பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தாராளமாக முடியும்.

ஸ்வார்ட்டிஃபோஸ் அருவி, பார்வையாளர் மையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது என்றாலும், வழி பெரும்பாலும் ஏற்றம் என்பதால் அம்மா இடையிலுள்ள ஹுண்டாஃபோஸ் அருவியோடு நின்றுகொண்டார். ஸ்வார்ட்டிஃபோஸில் சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரைவிட, அதன் பின்னே அறுகோணத் தூண்களாகத் தொங்கும் கரும்பாறைதான் என்னை நெடுநேரம் நிற்கவைத்தது. எரிமலைக் குழம்பு மெல்லக் குளிர்ந்து சுருங்கும்போது வெடிப்புகள் இவ்வளவு ஒழுங்காக விழுகின்றன; உடைந்து விழுந்த துண்டுகள் கூரிய விளிம்புகளோடு அடியில் குவிந்து கிடக்கின்றன.

அம்மாவுக்கு ஏற்றதாக அமைந்தது, ஸ்காஃப்டாஃபெல்ஸ்யோகுல் பனியாற்றின் முகப்புக்குச் செல்லும் சமதளப் பாதை. தூய வெண்மையை எதிர்பார்க்க வேண்டாம்: சாம்பலும் பொடிக்கல்லும் படிந்து பனியெங்கும் கரும்பட்டைகள் ஓடுகின்றன, அதுவே அதற்குத் தனி அழகு. வழிகாட்டியும் காலணியில் மாட்டும் இரும்பு முட்களும் இல்லாமல் பனிமேல் ஏறாதீர்கள். பிளவுகள் வெளியே தெரியாமல் மூடிக்கிடக்கலாம்.

திரும்பும்போது நெடுஞ்சாலையோரம் முறுக்கிக் கிடக்கும் பாலத்து இரும்பு உத்தரங்களையும் தவறாமல் பாருங்கள். 1996இல் பனிக்கடியில் வெடித்த எரிமலையால் உருகிய நீர், பெருவெள்ளமாகப் பாய்ந்து உடைத்த பாலத்தின் மிச்சம் அவை.