ஏப்ரல் 1 இன்கிரிமென்ட்: கேன்சர் நோயாளியின் ஈஎஸ்ஐ அன்றோடு முடிந்துவிட்டதாமே!

கோப்புக்கட்டு:
பக்கத்து இழையில் ஓர் அம்மா கேட்டிருந்தார். கணவர் ஒசூரில் சிஎன்சி ஆபரேட்டர். மே மாதம் குரல்வளைப் புற்றுநோய் என்று தெரிந்தது. மே 12 முதல் லீவு. ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) ரெஃபரலில் ரேடியேஷனும் கீமோவும் ஓடுகின்றன. சம்பளம் 20,700. ஜூனில் கம்பெனி ஒரு லெட்டர் நீட்டியது: ஏப்ரல் 1 முதல் 21,500, வேலை செய்த நாளுக்கு அரியர்ஸ் உண்டு. ஈஎஸ்ஐ-க்கு மாதச் சம்பள எல்லை 21,000. இனி அது உண்டா இல்லையா?

இதற்கு ஒரு ஹெச்ஆர் மேதாவியின் திருவாய்மொழி: "21,000 தாண்டிய அன்றே கார்டு செல்லாது. அதன்பிறகு ஆஸ்பத்திரியில் காட்டினால் மோசடி." கழுத்தில் ரேடியேஷன் புண்ணோடு கஞ்சி குடிக்கவே தவிக்கிற மனுஷன் வீட்டில் போய் மோசடி என்கிறார்!

சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கும் பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர். அதற்கு ஈடாகச் சிகிச்சையும் பணமும் பெறும் பலன் காலம் அடுத்த ஜனவரி–ஜூன். அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்குப் பலன் ஜூலை–டிசம்பர். மார்ச் 31-ஓடு பிடித்தம் நின்றது என்றே வையுங்கள், டிசம்பர் 31 வரை உரிமையை எவனும் தொட முடியாது. காலம் தொடங்கிய பிறகு எல்லை தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை அவர் தொழிலாளிதான் என்று 1948 ஈஎஸ்ஐ சட்டத்தின் 2(9)-ஆம் பிரிவு சொல்கிறது. லெட்டர் வந்தது ஜூனில். ஆக செப்டம்பர் வரை பிடித்தம், அடுத்த ஜூன் 30 வரை பலன்.

ஹெச்ஆர்_ஒசூர்:
அந்த மேதாவி நான்தான். மோசடி என்ற சொல் கொஞ்சம் கடுமை, போகட்டும். விஷயத்துக்கு வாருங்கள். 2(9)-இல் "தொடங்கிய பிறகு, அதற்கு முன்பு அல்ல" என்று இருக்கிறது. ஏப்ரல் 1 என்பது தொடங்கும் நாள், தொடங்கிய பிறகு அல்ல. லெட்டரில் அமல் தேதி ஏப்ரல் 1. ஆக மார்ச் 31-ஓடு அவர் வெளியே. ஜூனில் பிடித்தம் செய்தால் கம்பெனிதான் தப்பு செய்கிறது.

கோப்புக்கட்டு:
ஏப்ரல் சம்பளச் சீட்டில் என்ன தொகை? 20,700. அதற்குப் பிடித்தம் போட்டு மே 15-க்குள் சலான் கட்டினீர்களா இல்லையா? கட்டினீர்கள். அன்று அவர் எல்லைக்குள். ஜூனில் ஒரு காகிதத்தை அடித்து ஏப்ரலுக்குப் பின்தேதி போட்டால் மே 15-இல் கட்டிய பணம் காற்றிலா கரையும்?

இன்னொன்று. ஈஎஸ்ஐ போர்ட்டலில் கம்பெனி மாதாந்திரப் பங்களிப்பு ஏற்றும் கோப்பில் காரணக் குறியீடு ஒன்று இருக்கும். 4 என்றால் "வரம்புக்கு வெளியே". அந்த 4 ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்கு மட்டும்தான் செல்லும். ஜூனில் போட்டுப் பாருங்கள், அடுத்த மாதமும் அவர் பெயர் பட்டியலில் சிரித்துக்கொண்டு நிற்கும்.

ஹெச்ஆர்_ஒசூர்:
போர்ட்டல் சட்டம் இல்லை சார். சாப்ட்வேர்க்காரன் எழுதியதை வைத்து வாதாடாதீர்கள். அமல் தேதி என்ன? ஏப்ரல் 1.

சங்கத்துக்காரன்:
தோழர்களே, 4 போடுறதெல்லாம் நல்லவன் பண்றது. ஒசூர் பக்கம் நடக்குறது என்னன்னா 2 போடுறான். 2-ன்னா "வேலையை விட்டுப் போனவர்". லீவுல இருக்கிறவனுக்குப் பூஜ்ய நாள்னா 1 போடணும், "விடுப்பில்". 2 விழுந்துட்டா கடைசி வேலை நாள் பதிவாகி ஆளே கம்பெனியில இல்லைன்னு ஆயிடும். நோய்க்காகச் சான்றோட லீவுல இருக்கிறவனை நீக்கக் கூடாதுன்னு 73-ஆம் பிரிவு இருக்கு. ஹெச்ஆர் தம்பி, உங்க கோப்புல என்ன நம்பர் போட்டிருக்கீங்க?

ஹெச்ஆர்_ஒசூர்:
அவர் எங்கள் கம்பெனி ஆளே இல்லை. என்னிடம் ஏன் கோப்பு கேட்கிறீர்கள்?

சங்கத்துக்காரன்:
குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது.

மலர்_கம்ப்ளையன்ஸ்:
ஏப்ரல் 1-ஐ ஒரு நிமிடம் கீழே வையுங்களேன். மே 12-இல் லீவு போட்டவருக்கு இந்தப் பங்களிப்புக் காலத்தில் சம்பள நாள் எத்தனை? ஏப்ரலுக்கு 26, மேயில் 9. மொத்தம் 35. பலனுக்கு வேண்டியது 78. கோப்புக்கட்டு சார் சொல்கிறபடி செப்டம்பர் வரை பட்டியலில் பெயர் இருந்தாலும், பூஜ்ய நாளுக்குப் பங்களிப்பு ஏது? அந்த 35 நாளை வைத்து ஜனவரி–ஜூன் பலன் திறக்காது. நீங்கள் இருவரும் அடித்துக்கொள்கிற அந்த ஆறு மாதம் வெறும் கூடு.

அவர்கள் பார்க்க வேண்டியது நீட்டித்த நோய்ப்பலன், அதாவது நீண்ட நோயில் சம்பளத்துக்குப் பதிலாக ஈஎஸ்ஐ தரும் பணம். மே 12, 13 பணம் வராத காத்திருப்பு நாள். மே 14 முதல் 91 நாள் சாதாரண நோய்ப்பலன், சம்பளத்தில் 70 சதவீதம், ஆகஸ்ட் 12-இல் தீரும். புற்றுநோய் 34 நீண்டகால நோய்கள் பட்டியலில் இருப்பதால் ஆகஸ்ட் 13 முதல் 80 சதவீதம். முதலில் 124 நாள், அதாவது டிசம்பர் 14 வரை. பிறகு 309 வரை நீட்டலாம், அது அடுத்த ஜூன் 17. மெடிக்கல் போர்டு பரிந்துரைத்தால் 730 நாள் வரையும் போகும். இதற்கான தகுதி: நோய் தொடங்கும்போது இரண்டு வருடத் தொடர் வேலை, முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் மொத்தம் 156 நாள். மார்ச் வரை ஒழுங்காக வேலை செய்தவருக்கு இது தாராளமாக வரும்.

கோப்புக்கட்டு:
மேடம், நீட்டித்த நோய்ப்பலன் எனக்குத் தெரியாதா? அது வேறு அத்தியாயம். இங்கே கேள்வி ஏப்ரல் 1. அன்றோடு முடிந்தது என்று ஒருவர் பொதுவெளியில் எழுதுகிறார். அதை ஒத்துக்கொண்டால் நாளைக்கு எல்லாக் கம்பெனியும் ஜூனில் லெட்டர் கொடுத்து ஏப்ரல் தேதி போடும்.

ஹெச்ஆர்_ஒசூர்:
இப்போதே போடுகிறார்கள். அமல் தேதி என்பதற்கு வேறென்ன அர்த்தம்?

புதுவரவு_77:
சார், ஒரு சந்தேகம். இந்த 21,000 என்பது பேசிக்கா, கிராஸா? வாஷிங் அலவன்ஸ், ஓவர்டைம் எல்லாம் சேருமா?

கோப்புக்கட்டு:
அர்த்தமா? சொல்கிறேன். சம்பளம் உயர்ந்தது என்று எப்போது சொல்ல முடியும்? அது உறுதியான பிறகு. ஏப்ரல் முழுக்க முதலாளிக்கே தெரியாத சம்பளத்தை வைத்துத் தொழிலாளியை வெளியே தள்ளுவீர்கள். ஜூன் மாத அறிவிப்புக்கு ஜூனிலிருந்துதான் கணக்கு.

ஹெச்ஆர்_ஒசூர்:
அப்படியானால் அரியர்ஸை மட்டும் ஏப்ரலிலிருந்து ஏன் வாங்குகிறீர்கள்? பணத்துக்கு ஏப்ரல், ஈஎஸ்ஐ-க்கு ஜூனா?

சங்கத்துக்காரன்:
ஆமாய்யா, ரெண்டும் வேணும். 800 ரூபாய் ஏத்திட்டு ஒருத்தன் கீமோவைப் பிடுங்குவீங்களா?

டிஸ்பென்சரி_திண்ணை:
சண்டைக்கு நடுவே காசு எங்கே நின்றுபோகிறது என்றும் பார்ப்போம். ரேடியேஷன் நடக்கிற தனியார் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பணம் வராது. அதைக் காட்டி ஈஎஸ்ஐ டிஸ்பென்சரி டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். ஒரு சான்று முடியும் தேதிக்கும் அடுத்தது தொடங்கும் தேதிக்கும் நடுவே இரண்டு நாள் ஓட்டை விழுந்தாலும் அந்த இரண்டு நாள் பணம் போச்சு. கீமோ மயக்கத்தில் படுத்திருந்தேன் என்றால் கவுன்டரில் காது கேட்காது. நடக்க முடியாதவருக்காக வீட்டார் கோப்பை எடுத்துப் போகட்டும், ஆனால் தேதி ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

அடுத்து, அந்த நாள்களில் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனி உறுதிசெய்து அனுப்ப வேண்டும். பாதிப் பணம் தேங்குவது இங்கேதான். ஹெச்ஆர் மேசையில் அந்தத் தாள் ஊறுகாய் போடப்பட்டிருக்கும். இரக்கப்பட்டு அதே நாள்களுக்குச் சம்பளத்துடன் லீவு போட்டுவிட்டாலும் ஆபத்து. சம்பளம் வாங்கிய நாளுக்கு நோய்ப்பலன் கிடையாது.

தினசரித் தொகையும் கம்பெனி கையில்தான். 20,700-க்கு 26 நாள் என்று ஏற்றியிருந்தால் தினம் 796, அதில் 80 சதவீதம் 637. அதே சம்பளத்தை 30 நாள் என்று ஏற்றியிருந்தால் தினம் 690, கைக்கு வருவது 552. நாளுக்கு 85 ரூபாய் வித்தியாசம். 309 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

ஹெச்ஆர்_ஒசூர்:
ஊறுகாய் எங்கள் மேசையில் இல்லை. கிளை அலுவலகம் கேட்டால் அன்றே அனுப்புகிறோம். எல்லாப் பழியும் ஹெச்ஆர் தலையில்தானா?

சங்கத்துக்காரன்:
போன வருஷம் போனஸ் இழையிலயும் இதே பாட்டுதான் பாடினீங்க.

ஹெச்ஆர்_ஒசூர்:
போனஸ் இழையில் நீங்கள்தான் பாதியில் ஓடினீர்கள். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்துக்கும் உச்சம் 20 சதவீதத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாமல்.

சங்கத்துக்காரன்:
ஓடலை, ஷிப்டுக்குப் போனேன். எங்களுக்கு ஏசி ரூம் இல்ல.

கொங்குத்தமிழன்:
எதுக்குங்க இவ்வளவு மல்லுக்கட்டு? ஈஎஸ்ஐ போனா முதலமைச்சர் காப்பீட்டுக்குப் போக வேண்டியதுதானே? 5 லட்சம் இருக்குதுங்களே.

கோப்புக்கட்டு:
வந்துட்டார் வழிகாட்டி. அந்தத் திட்டத்துக்கு ஆண்டு வருமான உச்சவரம்பு 1,20,000. இவருக்கு 21,500 பெருக்கல் 12, 2,58,000. எந்த விஏஓ 1,20,000 என்று எழுதிக்கொடுப்பார்? பழைய அட்டையைக் காட்டச் சொல்வீர்களோ? அதற்குப் பெயர்தான் நம் நண்பர் சொன்ன மோசடி. வெளியே தனி பாலிசி எடுக்கலாம் என்று யாராவது அடுத்து வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம். அதுவும் கீமோவில் இருப்பவருக்குப் பாலிசி கொடுக்கிற கம்பெனியைத் தேடிப் பிடித்த பிறகு.

ஹெச்ஆர்_ஒசூர்:
அதனால்தான் நல்ல கம்பெனிகள் 21,000 தாண்டுகிறவர்களைக் குழு மெடிக்ளெய்மில் சேர்க்கின்றன. பெரும்பாலான குழு பாலிசிகளில் பழைய நோயும் முதல் நாளிலிருந்தே சேர்த்தி. 3 லட்சம் கவர்.

கோப்புக்கட்டு:
3 லட்சத்தில் ரேடியேஷன் முடியும், அதன்பிறகு? வீட்டில் உலை வைக்க உங்கள் மெடிக்ளெய்ம் 80 சதவீதச் சம்பளம் தருமா? ஆஸ்பத்திரி பில்லுக்கும் வீட்டு அரிசிக்கும் சேர்த்து நிற்பது ஈஎஸ்ஐ ஒன்றுதான். அதை ஏப்ரல் 1 என்ற இரண்டு சொல்லில் வெட்டுகிறீர்கள்.

டிஸ்பென்சரி_திண்ணை:
ஒரு கிளைக் கதவு உண்டு. மாற்றுத்திறனாளிக்கு ஈஎஸ்ஐ எல்லை 21,000 இல்லை, 25,000. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் புற்றுநோய் கிடையாது. ஆனால் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் பேச்சுக் குறைபாடு என்று அந்தச் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வாங்கினால் 21,500 எல்லைக்குள்தானே?

ஹெச்ஆர்_ஒசூர்:
ஈஎஸ்ஐ விதி எழுதப்பட்டது 1995 சட்டத்தை வைத்து. அதில் பேச்சுக் குறைபாடே இல்லை.

டிஸ்பென்சரி_திண்ணை:
1995 சட்டத்தை நீக்கித்தானே 2016 வந்தது? செத்தவன் பெயரில் தபால் வந்தால் வாரிசு வாங்க மாட்டானா?

கோப்புக்கட்டு:
அவருக்குக் குரல்வளை இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. ரேடியேஷன் கொடுப்பதே அதைக் காப்பாற்றத்தான். இல்லாத ஆபரேஷனுக்குச் சான்று வாங்கும் கூட்டத்தை இன்றுதான் பார்க்கிறேன். இழை ஏப்ரல் 1 பற்றியது.

மலர்_கம்ப்ளையன்ஸ்:
மறுபடியும் சொல்கிறேன். ஏப்ரல் 1-இல் யார் ஜெயித்தாலும் டிசம்பர் 31 வரை அவருக்குப் பாதகமில்லை. அக்டோபர்–மார்ச் நாள் கணக்கு 78-ஐத் தாண்டியிருந்தால் போதும், மாதம் 26 நாள் ஏற்றும் கம்பெனியில் மூன்று முழு மாதம். அதற்குள் செய்ய வேண்டியது: ஐபி எண்ணில் (ஈஎஸ்ஐ காப்பீட்டு எண்) போர்ட்டலுக்குள் நுழைந்து பலன் உரிமைப் பக்கத்தையும் பங்களிப்பு வரலாற்றையும் பிரிண்ட் எடுக்கட்டும். ஆகஸ்ட் 12-க்கு முன்பே பயாப்ஸி அறிக்கையோடு நீட்டித்த பலனுக்குக் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கட்டும். 91 தீர்ந்த பிறகு ஓடினால் நடுவில் இரண்டு மாதம் காசில்லாமல் நிற்பார்கள். டிசம்பர் 14-க்கு முன்பு அடுத்த நீட்டிப்பு. காரணக் குறியீடு 1-ஆ 2-ஆ என்று மாதாமாதம் பார்க்கட்டும்.

சட்டப்பிரியன்:
எல்லோரும் 2(9), 73 என்று 1948-ஐயே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 2025 நவம்பர் 21-இல் அதற்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது யாருக்காவது தெரியுமா?

கோப்புக்கட்டு:
வந்தது, தெரியும். பெயர்ப்பலகை மாறியதும் கட்டிய பணத்துக்குப் பலன் இல்லை என்று ஆகிவிடுமா? புதிய பிரிவு எண்ணை நீங்களே போடுங்களேன், கேட்போம்.

சட்டப்பிரியன்:
நான் சுட்டிக்காட்ட மட்டுமே வந்தேன். பாடம் எடுக்க இல்லை.

சங்கத்துக்காரன்:
சுட்டிக்காட்ட வந்தவர் சுட்டுட்டுப் போறார்.

புதுவரவு_77:
பேசிக்கா கிராஸா என்று கேட்டேனே?

ஹெச்ஆர்_ஒசூர்:
கோப்புக்கட்டு சாருக்கு ஒரே கேள்வி. லெட்டரில் உள்ள அமல் தேதியைப் படித்துச் சொல்லுங்கள். ஆம், இல்லை என்று.

கோப்புக்கட்டு:
உங்களுக்கும் ஒரே கேள்வி. ஏப்ரல் சலானில் அவர் பெயருக்கு நேரே என்ன தொகை? எண்ணைச் சொல்லுங்கள்.

ஹெச்ஆர்_ஒசூர்:
சலான் திருத்தக்கூடியது.

கோப்புக்கட்டு:
லெட்டரும்தான். கம்பெனி நினைத்தால் ஜூலை 1 அமல் என்று ஒரு வரி மாற்றித் தரலாம். வேலை செய்த நாளுக்கான அரியர்ஸை வேறு பெயரில் கொடுத்துவிட்டுப் போகலாம். மனசு வராது, அமல் தேதி மட்டும் வரும்.

ஹெச்ஆர்_ஒசூர்:
ஆக, தேதியை மாற்ற வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் இப்போதுள்ள தேதி ஏப்ரல் 1 என்று ஒப்புக்கொண்டாயிற்று.

கோப்புக்கட்டு:
ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏப்ரல் சலானைப் போடுங்கள், பிறகு பேசுவோம்.

சங்கத்துக்காரன்:
அந்தம்மாவை நேரா சங்கத்துக்கு வரச் சொல்லுங்க. இவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள ஆகஸ்ட் 12 வந்துடும்.

ஹெச்ஆர்_ஒசூர்:
சங்கத்துக்கு முதலில் சந்தா கட்ட வேண்டுமோ?