பிரிந்துபோன மாஃபியா ஹீரோ திரும்பி வந்தால்: வாசகர் அனுபவங்கள்

பிரிந்த ஜோடி மறுபடி சேரும் இரண்டாம் வாய்ப்புக் கதையைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது, இவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதைத்தான். மாஃபியா ரொமான்ஸில் இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் வரும். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவனே பொய் சொல்லி விரட்டியிருப்பான். அல்லது குடும்பம் அவனுக்கு வேறொரு பெண்ணைப் பேசி முடித்திருக்கும். இரண்டும் இல்லையென்றால், அவள் பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடியிருப்பாள்.

முதல் காரணம்தான் அதிகம் வருகிறது. அதிகம் சொதப்புவதும் அதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஆபத்து இருந்தது, அதனால் விலக்கினான், சரி. இப்போது அந்த ஆபத்து என்ன ஆனது? எதிரி இன்னும் உயிரோடு இருக்கிறான் என்றால், இவன் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பதே அவளை மறுபடி மாட்டிவிடும் வேலை. பல கதைகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

அடுத்தது மன்னிப்புக் காட்சி. அவன் கதவோரம் நின்று, "உன்னை அப்படிப் பேசினது உன் உயிருக்காகத்தான்" என்கிறான். அவள் அழுகிறாள், அத்தியாயம் முடிகிறது. அவன் மன்னிப்புக் கேட்பது பேசிய வார்த்தைக்கு. செய்த தப்போ வேறு: அவள் வாழ்க்கையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தது. அதை அவன் உணர்ந்தானா என்று தெரிய அடுத்த இரண்டு அத்தியாயம் போதும். அவளுக்குத் தெரியாமல் ஆளை வைத்துப் பின்தொடர்கிறானா, அவள் வேலை பார்க்கும் இடத்தையே விலைக்கு வாங்குகிறானா? அப்படியென்றால் பழைய தப்பு அப்படியே தொடர்கிறது. எழுதியவர் அதைக் காதல் என்று காட்டினாலும் மனம் ஒட்டாது. "நிலைமை இதுதான், நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒரே ஒரு இடத்தில் அவன் கேட்டுவிட்டால் போதும், அங்கிருந்து கதை நிஜமாகவே நகரத் தொடங்கும்.

*

காரணம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதோடு காலக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வகையில் பாதிக்கு மேல் 'அவனுக்குத் தெரியாத குழந்தை' வந்துவிடுகிறது. பிரிந்து ஆறு வருடம் என்றால் குழந்தைக்கு இன்னும் ஆறு வயதுகூட ஆகியிருக்காது. அந்த வயதுக் குழந்தை ஷூ லேஸ் கட்டத் தடுமாறும், ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கும். கதையில் வருவதோ அம்மாவின் மனக்காயத்துக்கு ஆறுதல் சொல்லும் குழந்தை. "நீங்கதான் எங்க அப்பாவா?" என்று சரியான இடத்தில் சரியான குரலில் கேட்டு, பெரியவர்கள் பேச வேண்டிய பேச்சை மிச்சப்படுத்திவிடுகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. ஊர் முழுக்க ஆள் வைத்திருக்கும் டானுக்குச் சொந்தக் குழந்தை மட்டும் எப்படித் தெரியாமல் போனது? நன்றாக எழுதுகிறவர்கள் இதற்கு உள்ளேயே ஒருவரை வைப்பார்கள். அவன் அம்மாவோ வலதுகையோ தகவலை மறைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் அந்தத் துரோகம் பிறகு வெடித்தே ஆக வேண்டும். கதை முடிந்து வரும் எபிலாக்கில் அதே ஆள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டு நின்றால் கோபம்தான் வரும்.

பிரிவுக் காலத்தில் அவன் எங்கே இருந்தான் என்பதற்குச் சிறை நல்ல விடை. ஆனால் இத்தாலியில் நடக்கும் கதை என்றால் 41-பிஸ் என்ற சிறை விதியைத் தெரிந்து எழுத வேண்டும். மாஃபியா தலைவர்களை வெளியுலகத்திலிருந்து துண்டிக்கவே 1992இல் அதை அவர்களுக்கு விரிவாக்கினார்கள். மாதம் ஒரு சந்திப்பு, ஒரு மணி நேரம், நடுவில் கண்ணாடித் தடுப்பு, பேச்சு முழுக்கப் பதிவாகும், கடிதங்கள் தணிக்கையாகும். அதில் இருக்கும் ஹீரோ உள்ளேயிருந்தே தொழில் நடத்தி, வருடா வருடம் அவள் பிறந்தநாளுக்குப் பூங்கொத்தும் அனுப்பினான் என்றால் ஏற்க முடியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தையும் கண்ணாடியையும் வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், சொல்ல வேண்டியதைச் சொன்னால் அது பதிவாகிவிடும். இருவர் பிரிவதற்கு இதைவிட நம்பும்படியான காரணம் வேறு வேண்டுமா?

*

சிறை பற்றி வந்ததால் இத்தாலிய மாஃபியா அமைப்புகள் பற்றியும் கொஞ்சம். கோசா நோஸ்ட்ரா சிசிலியைச் சேர்ந்தது, காமோரா நேப்பிள்ஸ் பக்கம், 'ந்த்ராங்கெட்டா கலாப்ரியா. மூன்றையும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறார்கள். கட்டாயக் கல்யாணம்தான் பிரிவுக்குக் காரணம் என்றால் 'ந்த்ராங்கெட்டாதான் சரியான களம், அங்கே குழுவே ரத்த உறவால் கட்டப்பட்டது, குடும்பங்களைப் பிணைப்பது திருமணம். சாட்சியாக மாறுகிறவர்கள் அங்கே குறைவாக இருப்பதும் அதனால்தான், வாயைத் திறந்தால் காட்டிக்கொடுப்பது சொந்த அண்ணனையோ மாமனையோ.

"உனக்காக எல்லாத்தையும் விட்டுட்டேன்" என்ற வசனம் வரும்போது, எப்படி விட்டான் என்று கேட்டுப் பாருங்கள். ராஜினாமா கொடுத்துவிட்டு வரும் இடம் இல்லை அது. இத்தாலியில் 1982 முதல் மாஃபியா அமைப்பில் உறுப்பினராக இருப்பதே குற்றம், சொத்தும் பறிமுதலாகும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட குற்றக் குழுக்களுக்கு எதிரான 1970இன் ரிக்கோ சட்டம் இருக்கிறது. நிஜத்தில் வெளியேறும் முக்கிய வழி சாட்சி சொல்வது. கோசா நோஸ்ட்ராவைச் சேர்ந்த டொம்மாசோ புஷெட்டா 1984இல் நீதிபதி ஃபால்கோனேயிடம் பேசியதன் மேல்தான், சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் 1986இல் தொடங்கிய மாஃபியா பெருவழக்கு நின்றது. 475 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் புஷெட்டா தன் உறவினர் பலரைப் பறிகொடுத்தார். ரொமான்ஸ் ஹீரோவை இந்தப் பாதையில் விட எழுத்தாளர்கள் தயங்குகிறார்கள், காட்டிக்கொடுப்பது அவன் கெத்துக்கு இழுக்கு என்று. ஆனால் அவளுக்காகக் குடும்பப் பெயரையே இழக்கிறான் என்பதைவிடப் பெரிய பிராயச்சித்தம் இந்த வகையில் கிடையாது. அதன் பக்கத்தில் தீவு வாங்கிக் கொடுப்பதெல்லாம் நிற்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்னாள் காதலன் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி மனதை மாற்றுவது இக்கதைகளில் அடிக்கடி வருகிறது. சிசிலியில், அல்காமோ என்ற ஊரில், 1965 டிசம்பரில் 17 வயது ஃபிராங்கா வியோலாவைக் கடத்தியவன் அவளுடைய முன்னாள் நிச்சயதார்த்த மாப்பிள்ளை, மாஃபியாக் குடும்பத்து உறவினன். கெடுத்தவனே கல்யாணம் செய்துகொண்டால் குற்றம் மறையும் என்று அன்றைய சட்டம் சொன்னது. ஃபிராங்கா மாட்டேன் என்றார். அப்பா மகளோடு நின்றார், அவர்களுடைய திராட்சைத் தோட்டத்தைக் கொளுத்தினார்கள், அப்போதும் பின்வாங்கவில்லை. அவனுக்கு 11 வருடத் தண்டனை கிடைத்தது, அந்தச் சட்டப் பிரிவு 1981இல் நீங்கியது. இதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது கடத்தல் அத்தியாயத்தில் கண் வேறு இடத்துக்குப் போகும்: அவளால் 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறதா, சொன்னால் வண்டி நிற்கிறதா?

*

மேலே எல்லாரும் சொன்னது புத்தகம் முடித்த பிறகு தெரிவது. எடுப்பதற்கு முன்னாலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. முதலில் உள்ளடக்க எச்சரிக்கைப் பக்கம். கடத்தல், சம்மதம் சந்தேகமான காட்சிகள், கரு கலைதல், சித்திரவதை என்று நேரடியாக எழுதியிருப்பார்கள். 'டார்க்' என்று மட்டும் போட்டு விட்டிருந்தால் விமர்சனங்களைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். பிரிவுக் காலத்தில் அவனுக்கு வேறு பெண்கள் இருந்தார்களா என்பது உங்களுக்கு முக்கியம் என்றால் அதையும் அங்கேயே தேடுங்கள், யாராவது ஸ்பாய்லர் போட்டிருப்பார்கள்.

தொடர் வரிசையையும் பாருங்கள். இரண்டாம் வாய்ப்பு ஜோடி பெரும்பாலும் தொடரின் மூன்றாவது நான்காவது புத்தகத்தில்தான் வரும், பிரிவு முந்தைய புத்தகங்களில் துண்டு துண்டாக நடந்திருக்கும். தனியாகப் படிக்கலாம் என்று போட்டிருந்தாலும், நேராக இதை எடுத்தால் அவர்கள் முன்பு எப்படிக் காதலித்தார்கள் என்பது கிடைக்காது. அது இல்லாமல் மறுசந்திப்பு எடுபடாது.

மாதிரிப் பக்கங்களில் பழைய காதல் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். 'அன்று' 'இன்று' என்று மாறி மாறி வந்தால், அன்றைய அத்தியாயம் ஒவ்வொன்றும் இன்றைய சண்டைக்கு ஒரு புதுத் தகவல் தர வேண்டும். முதல் முத்தம், முதல் நடனம் என்று ஆல்பம் புரட்டுவதோடு நின்றால் நடுவில் கதை படுத்துவிடும். கடைசியாக, முக்கால்வாசி தாண்டியதும் இன்னொரு பிரிவு வரும். அது முதல் பிரிவின் அதே பொய், அதே தியாகம் என்றால் புத்தகத்தை மூடிவைக்கலாம். இந்த முறை அவன் உண்மையைச் சொல்லி, அதைக் கேட்டு அவளே கொஞ்ச நாள் விலகியிருக்க முடிவெடுத்தால், மீதியை ஒரே மூச்சில் படித்துவிடுவீர்கள்.