2008 பிரேசில் பந்தயம்: குளோக் வேண்டுமென்றே வழி விட்டாரா?

புதுரசிகன்:
எஃப்1 கார் பந்தயம் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நேற்று பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் நடந்த 2008 பந்தயத்தின் கடைசிச் சுற்றைப் பார்த்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. பெராரி டிரைவர் மாஸா சொந்த ஊரில் ஜெயித்துக் கோட்டைத் தாண்டிவிட்டார், அவர் வீட்டு ஆட்கள் பட்டமே கிடைத்துவிட்டது என்று குதிக்கிறார்கள், அதற்குள் பின்னால் டொயோட்டாவில் குளோக் ஊர்ந்துகொண்டிருக்க, ஹாமில்டன் கடைசி வளைவுகளில் அவரைத் தாண்டி ஐந்தாவதாக வந்து சாம்பியன் ஆகிவிடுகிறார். குளோக் போன வேகத்தைப் பார்த்தால் வழி விட்ட மாதிரிதான் இருக்கிறது. உண்மையா? அப்புறம் அந்த வருஷம் மாஸா 6 பந்தயம் ஜெயித்திருக்கிறார், ஹாமில்டன் 5தான். பிறகு எப்படி?

டயர்வாசனை:
வழி விட்டார் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கடைசிச் சில சுற்றுகளில் மழை பிடித்ததும் முன்னால் ஓடிய மற்றவர்கள் பிட்டுக்குள், அதாவது டயர் மாற்றும் இடத்துக்குள், வந்து மழை டயர் மாற்றினார்கள். டொயோட்டா மட்டும் இரண்டு கார்களையும் உலர் டயரிலேயே ஓடவிட்டது. பிட்டுக்கு வராததால்தான் குளோக் நான்காம் இடத்துக்கே ஏறினார். 69ஆம் சுற்றில் வெட்டல் என்ற டிரைவர் தாண்டியதும் ஹாமில்டன் ஆறாவதாகி, பட்டம் மாஸா பக்கம் போய்விட்டது, ஆனால் கடைசிச் சுற்றில் மழை வலுத்தது. குளோக்குக்கு அந்தச் சுற்று 1 நிமிஷம் 44.7 வினாடி. அதே டயரில் இருந்த சக டிரைவர் ட்ருல்லிக்கு 1 நிமிஷம் 44.8. ட்ருல்லி யாருக்கு வழி விட்டார்? ஈரத்தில் பிடிமானமே இல்லாத காரை வீடு வரை கொண்டுவந்து சேர்த்த மனிதரை இத்தனை வருஷமாகத் திட்டுவது அநியாயம்.

கணக்குப்பிள்ளை:
அப்போது ஜெயித்தவருக்கு 10 புள்ளி, அடுத்து 8, 6, 5, 4, 3, 2, 1. பிரேசிலுக்கு வரும்போது ஹாமில்டன் 94, மாஸா 87. மாஸாவுக்கு 10 சேர்ந்து 97, ஹாமில்டனுக்கு ஐந்தாம் இடத்துக்கு 4 சேர்ந்து 98. ஆறாவதாக வந்திருந்தால் இருவருக்கும் 97. அப்போதுதான் வெற்றிகளை எண்ணுவார்கள், மாஸா சாம்பியன் ஆகியிருப்பார். முந்தின வருஷம் இதே இடத்தில் ஹாமில்டன் ஒரே புள்ளியில் ரைக்கோனனிடம் பட்டத்தை விட்டார், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழையபெராரி:
தம்பி, நான் மாஸா ஆள். அந்த ஞாயிறு ராத்திரி தூங்கவில்லை. ஆனாலும் பட்டம் பிரேசிலில் போனதாக நான் நினைக்கவில்லை. ஹங்கேரியில் முதலிடத்தில் ஓடும்போது மூன்று சுற்று மிச்சமிருக்க எஞ்சின் போனது. சிங்கப்பூரில் முதலிடத்திலிருந்து பிட்டுக்கு வந்தவரைப் பெட்ரோல் குழாய் கழலுவதற்குள் பச்சை விளக்கு போட்டு அனுப்பினார்கள், குழாயை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் 13ஆவதாக வந்தார். ஒரு புள்ளி எங்கே போனது என்று இப்போது தெரிகிறதா? அதே சமயம் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் ஹாமில்டனுக்கு 25 வினாடி தண்டனை கொடுத்ததால்தான் மாஸாவுக்கு வெற்றி வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. எனக்கு மறக்காதது, தோற்ற பிறகு மாஸா மேடையில் கண்ணீரோடு நெஞ்சைத் தட்டிக்கொண்டு நின்றது. யார் மேலும் பழி போடவில்லை.

புதுரசிகன்:
ட்ருல்லி நேரம் தெரியாமல் பேசிவிட்டேன், குளோக் விஷயத்தில் என் சந்தேகம் தீர்ந்தது. இன்று ராத்திரி ஹங்கேரி பார்க்கப் போகிறேன்.

பழையபெராரி:
முதல் வளைவை விட்டுவிடாதே. மூன்றாவதாகக் கிளம்பி, ஹாமில்டனை வெளிப்பக்கமாகவே சுற்றித் தாண்டுவார்.